சீனி சேர்க்காத பழத்தகடு

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில், எங்கள் அம்மா கையால் ஒரு பொட்டலம் பழத்தகடு வாங்காதவர்கள் மிகச் சிலரே. கொடுப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்வியும் உங்களுக்கு நினைவிருக்கும். "கிட்னி நல்லா இருக்கா?" கல்யாண வீட்டிலும் கேட்பார், கோயில் வாசலிலும் கேட்பார். பக்கத்தில் நிற்கும் எனக்கு மானமே போகும். ஏன் அப்படிக் கேட்டார் என்பதைத் தாம் இருந்தவரை யாரிடமும் சொல்ல விடவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா கிள்ளானில் பிறந்தார். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தார். அண்ணனான எங்கள் பெரிய மாமா படிப்பை விட்டுவிட்டு, லோரியில் மூட்டை ஏற்றித் தங்கையைப் படிக்க வைத்தார். பின்னாளில் எங்கள் அப்பாவும் சீக்கிரமே தவறிவிட, பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து என்னையும் தம்பியையும் அம்மா ஆளாக்கினார்.

அவர் ஓய்வு பெற்றதும் தம்பி ஓர் உலர்த்தும் மெஷின் வாங்கிக் கொடுத்தான். அதன் பிறகு எங்கள் வீட்டில் பழத்தைப் பழமாகச் சாப்பிட்டவர் இல்லை. அரைத்த பழத்தைத் தாள் விரித்த தட்டில் ஊற்றி, நடுவில் மெல்லிசாகவும் ஓரத்தில் சற்றுத் தடிப்பாகவும் வழிப்பார். ஓரம்தான் முதலில் காய்ந்து நொறுங்குமாம். விரலில் ஒட்டாமல் உரிந்து வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

பெரிய மாமா பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தார். இனிப்பு நீர் நோய் முற்றிச் சிறுநீரகம் கெட்டு, டையாலிசிஸ் தொடங்கியிருந்த நேரம். அண்ணனுக்கென்று ஒரு சிட்டிகை சீனிகூடச் சேர்க்காமல், வாழையும் பலாவுமாக நான்கு தட்டு காயவைத்து, ஒரு புதன்கிழமை அம்மா கொண்டுபோய்க் கொடுத்தார். சீனிதான் எதிரி என்று அவர் நினைத்தார். படித்த நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை பொது விடுமுறை. டையாலிசிஸ் மையத்தில் தாதியாக இருக்கும் என் தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணனுக்குச் செய்து கொடுத்ததை அம்மா பெருமையாகச் சொல்லச் சொல்ல, அவள் முகம் மாறியது.

"ஆன்டி, வாழப்பழம் பலாப்பழம் ரெண்டுமே அவங்களுக்கு ஆகாது. காயவச்சா தண்ணி மட்டும்தான் போகும், பொட்டாசியம் அப்படியே இருக்கும். ஒரு தட்டுக்கு எத்தன பழம்?"

"ஏழு, எட்டு இருக்கும்."

"நெறைய சாப்பிட்டா ஹார்ட் நின்னுடும் ஆன்டி. மொதல்ல ஃபோன் போடுங்க லா!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமா எடுக்கவில்லை.

காரை எடுத்தேன். நெடுஞ்சாலையில் நல்ல ஜாம். அம்மா விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். "நாலு தட்டு, ரெண்டு நாளு," என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "என் அண்ணன நானே கொன்னுட்டேனா?" என்று கேட்டார். முன்னால் போன லோரிக்காரரைக் கண்டபடி திட்டினேன். அவர் என்ன செய்வார், பாவம்.

மாமா வீட்டு இரும்புக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தொலைக்காட்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா இரண்டு கையாலும் கதவைப் பிடித்து உலுக்கினார். "அண்ணே! அண்ணே!" பக்கத்து வீடுகளெல்லாம் திறந்துகொண்டன. கடைசியில் தோளில் துண்டோடு மாமா வந்தார்.

"என்னா பாப்பா, குளிச்சிக்கிட்டு இருந்தேன். ஃபோனு சத்தமில்லாம எங்கயோ கெடக்கு. எதுக்கு இந்தக் கத்து?"

"பழத்தகடு சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. மொதமொத உன் கையால செஞ்சது. வெள்ளிக்கெழம சாமிக்குப் படைச்சிட்டுச் சாப்பிடலாம்னு வச்சிருக்கேன். சாயந்தரம் வெளக்கு ஏத்தணும்."

பொட்டலம் பிரிக்காமல் சாமி மேடையில் இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். விஷயத்தைக் கேட்ட மாமா பொட்டலத்தைச் சாமி பக்கமாக இன்னும் நகர்த்தி வைத்தார். பிறகு, "சாமிக்குக் கிட்னி நல்லாத்தான் இருக்கு லா. அவரே சாப்பிடட்டும், விடு," என்றார்.

அன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி. சென்ற மாதம் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும், "மெஷின்ல மாம்பழம் இருக்கு, ஆறு மணிக்கு மேல எடு," என்றார். எடுத்தேன். விரலில் ஒட்டாமல் உரிந்தது. அதைச் சொல்ல மருத்துவமனைக்கு ஓடினேன். கேட்கும் நிலையில் அம்மா இல்லை.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் உலை வைத்த அண்டை அயலாருக்கும், டையாலிசிஸ் முடிந்த கையோடு வந்து தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பெரிய மாமாவுக்கும் எங்கள் நன்றி.

இந்த மலரோடு ஒரு சிறு பொட்டலம் இருக்கும். அம்மாவின் கடைசித் தட்டில் ஒரு துண்டு அது. பிரிக்கும் முன் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் கிட்னி நல்லா இருக்கா?

பெரிய மாமா, உங்களுக்குப் பொட்டலம் இல்லை. உங்கள் பங்கை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோம். அவரே சாப்பிடட்டும்.