அம்மாயி பேசிய சிங்களம்

போர்க் காலத்தில் நான் கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னை வளர்த்த அம்மாயி, என் அம்மாவின் அம்மா, ஒருநாள் என்னைப் பார்க்கக் கடைக்கே வந்துவிட்டார். யாரென்று மற்றப் பெண்கள் கேட்டபோது, "எங்க வீட்டுல வேலை செஞ்சவங்க" என்று சொல்லிவிட்டேன். அது அவர் காதில் விழுந்தது. அப்படியே திரும்பி பஸ் ஏறிப் போனார்.

அடுத்த மாதம் ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸ் என்னைப் பிடித்தது. என்னிடம் அடையாள அட்டை இல்லை. தெரிந்தவர் யாராவது வந்து நான் யாரென்று சொன்னால்தான் விடுவார்களாம். கடை முதலாளி பயந்து வரவில்லை.

விஷயம் தோட்டத்துக்கு எட்டியதும், மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மாயி வந்தார். என் பிறப்புப் பத்திரத்தை இன்ஸ்பெக்டரின் மேசையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று சிங்களத்திலேயே பேசினார்.

"என் மகளுடைய மகள். நான் வளர்த்த பிள்ளை."

அதோடு விடவில்லை. இனி யாரும் என்னைப் பிடிக்காதபடி கடிதம் வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அழுதேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு, அம்மாயி."

"தப்புதான். இனிமே சொல்லாத. வா புள்ள, பசிக்குது."

"சிங்களம் எங்க படிச்சீங்க?"

"கலவரத்துல நம்ம லயத்து வீடுகள எரிச்சப்ப, பக்கத்து ஊரு சிங்கள வீட்டுல மூணு மாசம் ஒளிஞ்சிருந்தோமே, அங்கதான்."

அந்த மூன்று மாதங்களில் எனக்கு ஞாபகம் இருப்பது பயம் மட்டும்தான். அதே வீட்டிலிருந்து அம்மாயி ஒரு மொழியையே கொண்டுவந்திருந்தார்.