அம்மாவுக்குத் தைத்த விரிப்பு

அம்மாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் நாங்கள் இருவர்தான். முதுகு புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். பஞ்சு மெத்தையோ வெக்கையில் நனைந்து நாறியது. பழைய நூல்சேலைகளை நாலைந்தாக அடுக்கித் தைத்து விரித்தால் துவைத்துப் போடலாம் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அம்மாவைத் துடைத்து உடுத்திவிடுவதே அவள்தான். தையலையும் அவள் தலையில் கட்ட மனம் வரவில்லை. நானே உட்கார்ந்தேன்.

சேலைகளை இழுத்துப் பிடிக்கத் தையல்கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். பூவேலை செய்கிற வட்ட வளையம். இல்லையென்றால் ரீப்பர் என்கிற மெல்லிய மரக்கட்டை நாலை அடித்து ஒரு சட்டம். சட்டம் போட்டால் வீட்டில் நடக்க இடமிருக்காது. நான் வளையத்தை வாங்கினேன்.

"சார், அடித்துணி நழுவும். சுருங்கிரும்" என்றார். இவர் என்ன எனக்குச் சொல்வது என்று இருந்தது. அப்போது நான் யார் பேச்சையும் கேட்கிற ஆளில்லை.

ஒரு மாதம் தைத்தேன். விரலெல்லாம் ஊசிக்குத்து. வளையத்தை நகர்த்த நகர்த்த உள்சேலைகள் சுருண்டன. நூல் தீர்ந்த இடத்திலெல்லாம் முடிச்சு துருத்திக்கொண்டு நின்றது. அதில் அம்மாவைக் கிடத்தி, "எப்பிடிம்மா இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்குலே. மெத்தையெல்லாம் எதுக்கு?"

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

மூன்றாவது வாரம் சொந்தத்தில் ஒரு சாவு என்று அக்கா துஷ்டிக்குப் பனவடலிசத்திரம் போய்விட்டாள். அன்று நானே அம்மாவைப் புரட்டித் துடைத்தேன். சுருக்கம் போன வழியெல்லாம் முதுகில் சிவந்த கோடு. முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளி. இடுப்புக்கு மேலே ஒரு புள்ளியில் தோல் விட்டிருந்தது.

"ஏம்மா சொல்லல?"

அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "வெரல்ல குத்திக் குத்தித் தச்சிருக்க. அத எப்பிடிலே குத்துதுன்னு சொல்லுவேன்? தொடச்சிவிடுதவகிட்டயும் சொல்லாதன்னுட்டேன்."

வெட்கத்தில் அழுதேன். அந்த விரிப்பை உருவிப் போட்டுவிட்டு என் வேட்டிகளை மடித்து விரித்தேன்.

மறுநாளே சட்டம் அடித்தேன். அது அறையையே அடைத்துக்கொண்டது. கட்டிலுக்குப் போக அதன் அடியில் தவழ வேண்டியிருந்தது. முடிச்சைத் துணிகளுக்கு நடுவே இழுத்துப் புதைக்கத் தையல்கடைக்காரரிடமே போய்க் கற்றேன். பழசைச் சொல்லிக் காட்டாமல் கற்றுக்கொடுத்தார். அம்மாவின் புண் ஆற வெகுநாள் பிடித்தது.

புது விரிப்பு முடிந்த அன்று அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் நல்லாருக்கு என்பாள். அவளைப் பாயில் கிடத்திவிட்டு, கட்டிலில் அதை விரித்து, சட்டையைக் கழற்றிவிட்டு வெற்று முதுகோடு நான் படுத்தேன்.

"அங்கன என்னலே பண்ணுத?" என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்திலேயே திரும்பிப் படுக்க வேண்டும்போல இருந்தது. அம்மாவால் அது முடியாது. அதனால் நானும் திரும்பவில்லை.