பெரட்டில் கூப்பிட்ட பெயர்

காலை எட்டரைக்குத் தாப்பாவில் பஸ் ஏறினோம். ரிங்லெட்டுக்கு இருபத்தெட்டு மைல், டிக்கெட் ஒன்றரை வெள்ளி. உடன் வந்த எலியாஸ் கொச்சியில் பிறந்த யூதர். பினாங்கில் என்னோடு ஆசிரியர் வேலை பார்ப்பவர். தம் மத விதிப்படி சமைக்கச் சொந்தச் சட்டியையே தூக்கி வந்திருந்தார். குடித்தனம் பண்ணவா போகிறோம் என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

பதினோரு மணிக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் என் பெரியம்மா மகள் கண்ணம்மா வீட்டை அடைந்தோம். அக்கா தேநீர் கொடுத்த கையோடு அழுதாள். அவளுடையது சிவப்பு அட்டை. குடியுரிமை இல்லாததால் வேலைக்கு பெர்மிட் வேண்டும். அது முடிந்து ஓராண்டு. அதே சமயம் இறந்துபோன அவள் தங்கை செல்லம்மாவிடம் குடியுரிமைக்கான நீல அட்டை இருந்தது. அன்றிலிருந்து தங்கை பெயரில்தான் அக்கா கொழுந்து பறிக்கிறாள். காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் அந்தப் பெயருக்குப் பதில் சொல்கிறாள். லயத்துக்கே தெரியும், ஆள் கணக்கெழுதும் கிராணியும் கண்டும் காணாமல் இருக்கிறார்.

"சொன்னா வேலையும் வீடும் போயிடும், தம்பி. கருமாதிகூட வைக்கல. வச்சா கிராணி எப்படித் தெரியாத மாதிரி இருப்பாரு? நீங்க சொல்லுங்க சார்," என்றாள் எலியாஸிடம்.

எலியாஸ் தயங்கித்தான் பேசினார். "வரி, நிலம், பிழைப்பு மாதிரி விஷயத்துல, இருக்கிற நாட்டோட சட்டம் எங்களையும் கட்டுப்படுத்தும்னு எங்க பெரியவங்க வச்சிருக்காங்க, அக்கா. அதுக்குக் கீழ்ப்படியறது எங்களுக்கு மதக் கடமை."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சோற்றில் மண்ணைப் போடுகிறாரே.

அக்கா நிதானமாகக் கேட்டாள். "ராஜா என்ன சொன்னாலுமா சார்?"

"இல்ல. எல்லாருக்கும் ஒண்ணா இருந்தாத்தான் சட்டம். ஒரு சாராரை மட்டும் பிடிச்சா அது கொள்ளை."

"பெர்மிட் எல்லா சிவப்பு அட்டைக்கும்தான்லா. ஆனா இங்கயே பொறந்த எனக்கு எதுக்குச் சிவப்பு?"

என் சட்டைப்பையில் இருந்த நீல அட்டை எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குப் பனியில் பெரட்டு. கிராணி "செல்லம்மா" என்றார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

"அவ செத்துட்டா ஐயா. நான் கண்ணம்மா. பெர்மிட் இல்ல."

கிராணி பேனாவை நிறுத்தினார். "எழுதிட்டா அழிக்க முடியாதும்மா."

"எழுதுங்க."

ஒன்பது மணி பஸ்ஸில் அக்காவும் எங்களோடு இறங்கி வந்தாள், பெர்மிட் ஆபீஸுக்கு. கிடைக்குமா என்பது மூவருக்குமே தெரியாது. தாப்பாவில் இறங்கும்போது அக்கா சொன்னாள்:

"வேலை இருக்கோ இல்லையோ, ஞாயித்துக்கிழமை செல்லம்மாவுக்குக் கருமாதி வச்சிடலாம். நீங்களும் வாங்க சார். உங்க சட்டியக் கொண்டாந்திடுங்க."