அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

என் வீட்டுக்காரர் நல்ல உயரம். திருவேட்டக்குடியில் எங்கள் வீட்டு வாசல் நிலையோ, யாரோ ஒரு குள்ளமான ஆசாரி தன் அளவுக்குச் செய்துவைத்தது போலத் தாழ்வு. தலையைக் குனியாமல் அவரால் உள்ளே வர முடியாது. கல்யாணமான புதிதில், குனிந்தபடி நுழைகிறவரைப் பார்த்து, "எனக்கு இவ்வளவு மரியாதையா?" என்று கேட்பேன். "ஒனக்கில்ல, நிலைக்கு" என்பார். இருவரும் சிரிப்போம். பல வருடமாக அதே கேள்வி, அதே பதில்தான். எங்களுக்கு அலுக்கவில்லை.

சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து, ஒரு பங்குனியில் அவர் போன விசைப்படகு திரும்பவில்லை. கூடப் போன படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. கரையில் நான் ஒரு பக்கம், என் மாமியார் ஒரு பக்கம் நின்றோம். குலதெய்வங்களையெல்லாம் அத்தை கூப்பிட்டு முடித்துவிட்டதால், எனக்கு வேளாங்கண்ணி மாதாதான் மிச்சம். நாலு பேர் காதில் விழும்படியே வேண்டிக்கொண்டேன்.

"தாயே, அந்த மனுசன் எங்க வீட்டு வாசப்படியத் தாண்டி உள்ள வந்துடட்டும். அவரு ஒசரத்துக்கு மெழுகுவத்தி, என் கையாலயே செஞ்சு கொண்டாந்து வைக்கிறேன்."

இஞ்சின் பழுதாகி அலைந்துகொண்டிருந்த படகை நாகப்பட்டினத்துப் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது. உதடெல்லாம் வெடித்துப்போய் வந்தவர், வீட்டுக்குள் குனிந்து நுழைந்து முதலில் கேட்டது டீ. நான் அழுது முடிக்கிற வரைக்கும் பொறுக்காமல் தானே போய்ப் போட்டுக்கொண்டார்.

பயம் தெளிந்த பிறகுதான் நான் பேசிய பேச்சு உறைத்தது. வேளாங்கண்ணிக் கடைகளில் எல்லா உயரத்திலும் மெழுகுவர்த்தி கிடைக்கிறது. மாதா என்னிடம் கைவேலை கேட்கவில்லை. நானேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"வாங்கி வைக்கிறேன்னு சொல்லியிருந்தா அந்தம்மா வேணான்னா சொல்லப்போறாங்க?" என்றார் அத்தை.

"செய்யத் தெரியும் அத்த. பள்ளிக்கூடத்துல செஞ்சிருக்கேன்."

செய்ததென்னவோ உண்மை. பிறந்த ஊரான போலகத்திலிருந்து பள்ளிக்குப் போன காலத்தில் டீ டம்ளர் அளவுக்கு ஒன்று செய்தேன். அதுவும் சாய்ந்துதான் நின்றது. அதை அத்தையிடம் சொல்லவில்லை.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகுகள் கரையேறின, ஆண்கள் வலை பின்னிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார்கள். தடை முடிவதற்குள் வேண்டுதலை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வெளியே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துபோனேன்.

முதலில் அவரை அளந்தோம். சுவரோரம் நிற்க வைத்து, அத்தை முக்காலியில் ஏறிக் கயிற்றின் ஒரு முனையை அவர் உச்சந்தலையில் பிடித்தார். நான் கீழே உட்கார்ந்து குதிகாலில் மறுமுனையைப் பிடித்தேன். கைலி தரையில் புரண்டு என் கைக்கு இடைஞ்சலாக இருந்தது. எப்போதும் கணுக்காலுக்கு மேலே நிற்கிற கைலி அன்று எதற்குத் தரையில் புரள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே அவர் கமுக்கமாகச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கூச்சம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கயிற்றின் நீளத்துக்கு ரெண்டு இஞ்ச் பிளாஸ்டிக் பைப் வெட்டி வாங்கினோம். பாரஃபின் மெழுகு காரைக்கால் கடைத்தெருவில் கிடைத்தது. அடுத்து திரி.

"திரிய எங்கிட்ட விடு" என்றார் அவர். வலை நூலில் முடிச்சுப் போடுவதில் அவர் கை பெரிய கை. மூன்று இழை எடுத்து, பெண்பிள்ளைக்குச் சடை பின்னுவது போல அழகாகப் பின்னிக் கொடுத்தார். தெருவில் எல்லோரும் வாங்கிப் பார்த்துப் பாராட்டினார்கள். நல்லவேளை, முதலில் டம்ளரில் கொஞ்சம் மெழுகு ஊற்றி வெள்ளோட்டம் பார்த்தேன். ஏற்றியதும் திரி கறுத்துச் சுருண்டு, உருகிச் சொட்டி, நாற்றத்தோடு அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. வலை நூல் என்றால் நைலான். வீடு முழுக்க வலை கிடக்கிற ஊரில், நூல் என்று சொன்னதும் பருத்தி என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பிறகு பருத்தி நூலை வாங்கி மெல்லிசாகப் பின்னினோம். அது எரிந்தது. ஆனால் சுற்றிலும் சுவர் போல மெழுகு உருகாமல் நிற்க, நடுவில் மட்டும் குழி விழுந்து, அந்தக் குழியில் தேங்கிய மெழுகிலேயே சுடர் முங்கிப்போனது. மெழுகின் பருமனுக்குத் திரி போதவில்லை. இன்னும் தடிமனாகப் பின்னி, உருகிய மெழுகில் முக்கி, நிழலில் நேராகத் தொங்கவிட்டேன். கடற்காற்றில் ஈரம் ஏறிய திரி படபடவென்று வெடிக்கும் என்பதும் அதற்குள் தெரிந்துபோயிருந்தது. மெழுகு முழுக்க ஊறிவிட்டால் ஈரத்துக்கு இடமில்லை.

முதல் பெரிய ஊற்று நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தண்ணீர் கொதிக்கிற அண்டாவுக்குள் குண்டானை வைத்து மெழுகை உருக்கினேன். குண்டான் சின்னது. அதனால் உருக உருகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைப்பில் ஊற்றினேன். ஒரு ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் நடுவில் சமையலும் பார்த்துக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

ஊற்றி முடித்ததும் அத்தை சாக்கு நிறைய நொறுக்கிய ஐஸோடு வந்தார்.

"எதுக்கு அத்த ஐசு?"

"இந்த வெயில்ல எது தாங்கும்? வஞ்சிரமே தாங்காது. ஐசு வச்சாத்தான் கெடாம இருக்கும்."

மீன் விற்று வாழ்ந்த கை. எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் ஐஸ்தான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பைப்பைச் சுற்றிலும் ஐஸை அடைத்து மேலே கோணியும் போட்டோம்.

மறுநாள் மெழுகு பைப்பை விட்டு வரவில்லை. தட்டினோம், குலுக்கினோம். கடைசியில் அவர் ரம்பத்தால் பைப்பை நீளவாக்கில் ரெண்டாகப் பிளந்து திறந்தார். உள்ளே மேலிருந்து கீழ்வரை கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி வெடிப்பு. தூக்கி நிறுத்தினோம். நிமிர்ந்து நின்றது. மூன்று பேரும் நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில், சரியாக இடுப்பு மட்டத்தில் ஒடிந்து விழுந்தது.

"ஐயோ, நடு இடுப்புல ஒடிஞ்சுபோச்சே" என்று அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் ரெண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்காட்டினார். "எனக்கு நல்லாத்தானே இருக்கு? பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரைக்கும் அது கைவேலை, கொஞ்சம் வீம்பு. அந்த நிமிடத்திலிருந்து அது அவராகிவிட்டது. கரையில் நின்ற அந்தச் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது.

"இது முழுசா நிக்கிற வரைக்கும் நீங்க படகுல கால வைக்கக் கூடாது" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தடை முடிஞ்சதும் கெளம்பணுமே?"

"படகு கெளம்பட்டும். நீங்க கெளம்பாதீங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உடைந்த துண்டுகளை அண்டாப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

அன்று முழுக்க அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒடிந்த இடம் வழவழவென்று இருந்தது. சமைக்கப் போன நேரத்தில் கீழ் ஊற்று ஆறி இறுகிவிட்டது, மேல் ஊற்று அதோடு ஒட்டவேயில்லை. வெடிப்பு ஐஸ் செய்த வேலை. வெளிப்பக்கம் சட்டென்று இறுக, உள்ளே இருந்த சூடு இழுத்துக் கிழித்திருக்கிறது. திரியை ஒட்டி நீளமாக ஒரு பொந்து வேறு. மெழுகு ஆற ஆறச் சுருங்கும் என்பதை அந்தப் பொந்துதான் சொல்லிக்கொடுத்தது. ஆக, குற்றம் மெழுகுடையதில்லை, எங்களுடையதுதான். அது தெரிந்ததும் பயம் பாதி குறைந்துவிட்டது.

"மெதுவா ஆறணும்" என்றேன். "சூடும் போகாம, காத்தும் படாம."

"மணல்ல பொதைச்சிடுவோமா?" என்றார் அவர்.

கொல்லையில் எங்கே தோண்டினாலும் மணல்தான். ஆள் உயரத்துக்குக் குழி எடுத்தார். பிளந்த பைப்பின் உள்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, ரெண்டு பாதியையும் சேர்த்து, சைக்கிள் டியூபை வெட்டிக் கீழிருந்து மேல்வரை இறுக்கிச் சுற்றினோம். அடியில் மூடி போட்டு, விளிம்பைப் பிசைந்த மைதாவால் அடைத்தோம். திரியை அடியில் முடிந்து, மேலே குச்சியில் விறைப்பாகக் கட்டியது அவர். வலைக்காரர் முடிச்சு இந்தத் தடவை உபயோகப்பட்டது. பிறகு பைப்பை வெயிலில் கிடத்தினோம். அதுவரை திட்டித் தீர்த்த கத்திரி வெயில் பைப்பை நன்றாகச் சூடாக்கிக் கொடுத்தது. சூடான பைப்பில் மெழுகு தொட்டதும் இறுகாது.

கல்யாணப் பாத்திரம் ஒன்றை இரவல் வாங்கி, மெழுகு மொத்தத்தையும் ஒன்றாக உருக்கினேன். குழியில் இறக்கிய பைப்பில் நிறுத்தாமல் ஊற்றினேன். அத்தை கரண்டியால் பைப்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். குமிழி குமிழியாகக் காற்று மேலே வந்தது. மேலே ஏடு கட்டும்போதெல்லாம் ஈர்க்குச்சியால் திரியோரம் குத்திவிட்டு, குழிந்த இடத்தில் மறுபடி சூடாக ஊற்றினேன். ஐஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அத்தை ஒரே ஒரு தடவை ஐஸ் பெட்டிப் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் டியூபை அவிழ்த்ததும் பைப் வாழைமட்டை மாதிரி தானாகப் பிரிந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. நிறுத்தினோம். நின்றது. அத்தை வாயில் கைவைத்துக் குலவையிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்து, பார்த்துவிட்டு அவர்களும் சேர்ந்து குலவையிட்டார்கள். எனக்கு ஆடலாம் போல இருந்தது. கொஞ்சம் ஆடினேன் என்றுதான் அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

வெயிலில் வளைந்துவிடுமே என்று, பலகையில் கிடத்தி, ஈரவேட்டி சுற்றி, விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறினோம். காரைக்காலில் பஸ் மாறியபோது கண்டக்டர் வேட்டி சுற்றிய உருவத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, "இவருக்கு டிக்கெட்டு எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"இவருக்கும் சேத்துதான் எனக்கு எடுத்திருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

வேளாங்கண்ணியில் கோயில் முன்னால் வேட்டியை அவிழ்த்து மெழுகுவர்த்தியை நிமிர்த்திப் பிடித்தோம். அதன் பக்கத்தில் அவர் நிமிர்ந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெழுகுவர்த்தி அவரைவிட நாலு விரல் கட்டை.

"என்னங்க இது? கயிறு போட்டுத்தானே அளந்தேன்?"

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை வானத்தைப் பார்த்தார்.

"அம்மாம் பெருச ஒன்னால செய்ய முடியாதுன்னு நெனச்சேன். கொஞ்சம் கொறச்சுக்கலாமேன்னு அளக்குறப்ப முட்டிய மடக்கிட்டேன்."

தரையில் புரண்ட கைலி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் மாதாவிடம் பொய்யளவு கொண்டுவந்திருக்கிறேனே. "ஒங்க உசுருக்கு நேந்துகிட்டது. வெளையாட்டாப் போச்சா ஒங்களுக்கு?"

"ஏய், அழுவாத. நீ என்னான்னு நேந்துகிட்ட? சொல்லு."

"வாசப்படியத் தாண்டி உள்ள வந்துடணும்னு."

"அப்புறம் என்ன?" மெழுகுவர்த்தியோடு ஒட்டி நின்று, எங்கள் வீட்டு நிலையில் நுழைவது போலத் தலையைக் குனிந்தார். உச்சந்தலையும் திரிமுனையும் ஒரே மட்டத்துக்கு வந்தன. "வீட்டுக்குள்ள வர்றப்ப நான் இந்த ஒசரந்தானே?"

அழுதபடியே சிரித்தேன். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் அவர் எனக்காக அதைச் சாய்த்துப் பிடிக்க, நான் தீக்குச்சியைக் கிழித்தேன். திரி வெடிக்காமல், சுடர் முங்காமல், கடற்காற்றிலும் நின்று எரிந்தது.

தடை முடிந்து படகு கிளம்பியது. அவரும் போனார். சில நாள் கழித்து, அடுப்படியில் நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது வாசல் வெளிச்சம் மறைந்தது. குனிந்த தலை ஒன்று நிலையைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. பாதி வழியில், குனிந்தபடியே நின்று கேட்டார்.

"ஒசரம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. உள்ள வாங்க" என்றேன்.