நடு இலை

ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாவைப் பார்த்துவிட்டு வந்து, தாத்தா மல்லசமுத்திரத்தில் அதே மாதிரி வீடு கட்டினார். கூர்முனை ஜன்னல்கள், வண்ணக் கண்ணாடி, முகப்பில் மாதா கோயில் வாசல்போல உச்சி கூம்பிய பெரிய வளைவு. அந்த உச்சியில் சுண்ணாம்பால் செய்த மூன்று இலைகள். அண்ணன், நான், தம்பி என்று ஆளுக்கொரு இலையைக் காட்டித்தான் அப்பா எங்களுக்குச் சோறூட்டுவார். நடு இலை என்னுடையது.

அப்பா போனபின், எனக்குப் பங்கு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் அண்ணன்.

"கையெழுத்துப் போட்டுரு அம்மிணி. ஊடு இப்படியேதான் இருக்கும். நீ எப்ப வேணும்னாலும் வரலாம்."

எங்கள் பக்கத்தில் பிறந்த பெண் பங்கு கேட்பதில்லை. போட்டுவிட்டேன்.

போன ஆடிக்குப் போனபோது, வீட்டை இரண்டாக்கிய சிமெண்ட் சுவர் முகப்பு வளைவையும் பிளந்துகொண்டு வாசல்வரை வந்திருந்தது. சுவர் நேராக ஏறுவதற்காக நடு இலையைக் கொத்தி எடுத்திருந்தார்கள். மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் பத்திரமாக இருந்தன.

"என்னண்ணா இது?"

"ரெண்டு பேருக்கும் சமமா வரோணுமில்ல அம்மிணி."

ஒரு வாசலிலிருந்து அண்ணியும் மறு வாசலிலிருந்து தம்பி மனைவியும், "நம்ம ஊட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள். எந்தப் பக்கமும் நுழையாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

எனக்குத் திமிர் என்று இப்போது இரு வீட்டிலும் பேச்சு. அந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை. வளைவை ஓர் அங்குலம் பிசகாமல் பங்கிட்டவர்களுக்கு மூன்று வரை எண்ணத் தெரியாது என்று நான் நம்ப வேண்டுமாம்.