பச்சைமுத்துவுக்குக் கிடைத்த இரண்டு நாள்

பச்சைமுத்து ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். பெங்களூருக்கும் ஜோலார்பேட்டைக்கும் ஓடி ஓடியே பன்னிரண்டு வருஷம் போயிருந்தது. பெங்களூர் ஒக்கலிபுரத்து வீட்டில் அவன் இருக்கும்போது மகள் கோகிலா தூங்குவாள். அவள் விழித்திருந்தால் இவன் வண்டியில் இருப்பான்.

அந்தத் தை மாதம் கொதிகலனைக் கழுவ எஞ்சினை ஷெட்டில் நிறுத்தினார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் லீவு. ஆசையாக வீட்டுக்கு வந்தவனின் கரி முகத்தைக் கண்டதும் நாலு வயதுப் பிள்ளை வீறிட்டது.

"உங்கப்பாதான்டீ!" ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி சின்னத்தாயி சிரித்தாள்.

"பேடா! பேடா!" வேண்டாம் என்பதைத் தெருப் பிள்ளைகளின் கன்னடத்தில் சொல்லிவிட்டு, அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள் கோகிலா.

மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தும் பயனில்லை. அவன் வாங்கிவந்த மிட்டாயைக்கூட அம்மா கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் கறிக்குழம்புச் சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்தான். மூக்கில் ஏதோ நமநமத்தது. விழித்தால், கோகிலா பவுடர் டப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கரி போவவே இல்ல. ஆடாத இரு" என்று அதட்டினாள்.

ஆடாமல் இருந்தான். பார்க்க வந்த அடுத்த வீட்டு மைக்கேல்ராஜ், "இன்னா பச்சை, கூத்து கட்டப் போறியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் தெருவெங்கும் கரண்டு போயிற்று. வாசலில் பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். கிழக்கே, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நட்சத்திரங்கள் ஏறியிருந்தன.

"அதுங்க பேரு இன்னாப்பா?"

முதல் தடவையாக 'அப்பா' என்றிருக்கிறாள். "பேரு தெரியாதும்மா. மெயில் பங்காருபேட்டை போவசொல்ல தலைக்கு மேல நிக்கும். தெனம் பாப்பேன்."

"மூணு பேரும் டூட்டிக்குப் போறாங்களா?"

"ஆமா. டிரைவரு, நானு, இன்னொரு ஃபயர்மேன்."

"நான் எங்க?"

கீழ்வானில் ஒன்று தனியாகப் பளபளத்தது. அவன் கை நீட்டுவதற்குள், "அதோ!" என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா?" என்று சின்னத்தாயி கேட்டதற்கு, நாலைந்தைக் காட்டி, "எது வேணுமோ எடுத்துக்க" என்றாள் பெரிய மனுஷிபோல.

கரண்டு வந்தது. தெருவே "ஓ!" என்று கூவியது. சின்னத்தாயி சோறு போட எழுந்து உள்ளே போனாள். கோகிலா மட்டும் அப்பாவின் மடியில் ஏறி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து நட்சத்திரங்களுக்கு ஆள் வைக்கத் தொடங்கினாள்.