வாய்விட்டு அழ ஒரு கடற்கரை

அண்ணன் மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். "சித்தப்பா, கூட்டமில்லாத பீச்சா ஒண்ணு சொல்லுங்க. பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகணும்." சின்னமனூரில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்களுக்கு மேற்கே மலை, அதற்கப்பால் கேரளா, அதற்கும் அப்பால்தான் கடல். ஆனால் அவன் ஆள் தெரிந்துதான் கேட்டான். எங்கள் குடும்பத்தில் சென்னைக் கடற்கரைகளை ஆராய்ந்தவன் நான் ஒருவன்தான். காற்று வாங்குவதற்காக ஆராயவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் நான் கோயம்பேட்டில் ஒரு வாழைத்தார் மண்டியில் வேலை பார்த்தேன். நம் பக்கத்துத் தார்கள் லாரியில் வரும். தார்ப்பாயை அவிழ்த்ததும் வாழைச்சருகும் ஈரமண்ணும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். அது என் சட்டையில் ஏறி வீடுவரை வரும். கல்யாணமான புதிது. என் மனைவி அந்தச் சட்டையைத் துவைக்காமலே கொடியில் போட்டிருப்பாள். சோம்பேறியைக் கட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டு விசும்புவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மாமனார் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மார்க்கையன்கோட்டையில் வாழைத் தோட்டக்காரர். அவர் இறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் இறந்த தாக்கல் கிடைத்துக் கிளம்பிய எங்கள் பஸ் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் படுத்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். "எடுத்துட்டாக ஆத்தா" என்று பெரியம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இழவு என்றால் பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி சொல்லி அழ மற்றவர்கள் கூட அழ வேண்டும். எல்லோரும் முறைப்படி அழுதார்கள். இவள் மட்டும் நட்டுவைத்த கல் மாதிரி இருந்தாள். "பெத்த மக கண்ணுல ஒரு சொட்டு இல்லையே" என்று யாரோ சொன்னது இவள் காதிலும் விழுந்தது. அழுகைக்கு நேரம் காலம் உண்டா என்ன? அது ஒரு மாதம் பிந்தி, சென்னையில், ஆறு குடித்தனம் இருக்கிற காம்பவுண்டில் வந்து சேர்ந்தது. சத்தம் கேட்டதும் வீட்டுக்கார அம்மா ஜன்னலில் வந்து நின்றார்கள். "விளக்கு வெக்கிற நேரத்துல வீட்ல அழக்கூடாதும்மா." அவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். அதன்பிறகு சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. எனக்குப் பயமாகவே இருந்தது.

"ஏங்க, ஒரு தடவ வாய்விட்டு அழணும். ஆளில்லாத எடமாப் பாருங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஒரே விசாலமான இடம் மெரினா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கூட்டிப் போனேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. அவள் கண்ணைத் துடைக்கும்போது ஒருவர் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தி, "அம்மா ஒரு ரவுண்டு போனா சரியாப் பூடும்" என்றார்.

அடுத்த வாரம் திருவான்மியூர். அவள் லேசாகக் கேவியதுமே, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, பெண்டாட்டி மேல் கை நீட்டுவது எவ்வளவு பெரிய தப்பு என்று பொறுமையாக விளக்கினார். நானும் இனிமேல் அடிக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். வேறு வழி? நீலாங்கரைக்கு அந்தப்பக்கம், அவள் முழங்கால் தண்ணீரில் நின்றதைப் பார்த்து, சாகத்தான் இறங்குகிறாள் என்று வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். சோடா வாங்கிக் கொடுத்து, நாங்கள் பஸ் ஏறும்வரை காவலும் இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான்.

கடைசியில் கோவளம் தாண்டி ஒரு குப்பம். பஸ்ஸை விட்டிறங்கி சவுக்குத் தோப்புக்குள் நடந்து போனோம். கவிழ்த்துப் போட்ட படகுகள் தவிர ஒன்றும் இல்லை. ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பெருமை. அவளை விட்டுவிட்டுத் தள்ளிப்போய் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்தேன். வெகுநேரம் ஆகியும் சத்தமில்லை. போய்ப் பார்த்தால் வறண்ட கண்ணோடு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அழுக வரலங்க. இங்கன யாருமே இல்லையே. யாரக் கட்டி அழுவேன்?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கிளம்பலாம் என்று எழுந்தபோது மீன்கூடையோடு நாலைந்து பெண்கள் வந்தார்கள். அதில் வயதான அம்மா இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"இன்னாமா? யாரு பூட்டாங்க?"

"எங்கப்பா."

"மூஞ்சி பாத்தியா?"

இவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எங்கப்பன் கடலுக்குப் போனாரு. நானும் பாக்கல." கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்த அம்மா மணலில் உட்கார்ந்து இவள் தோளில் கையைப் போட்டார்கள். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், என் மனைவி வெடித்தாள். குலை தள்ளிய வாழையையும் வாய்க்கால் வரப்பையும் சொல்லி இவள் அழ, கட்டுமரத்தையும் திரும்பாத துடுப்பையும் சொல்லி அவர்கள் அழுதார்கள். காக்கைகள் வந்து கூடை மீனைக் கொத்தின. யாரும் விரட்டவில்லை. நான்தான் போய் விரட்டினேன், எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. அன்றிரவு அவள் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

சில வருஷத்தில் வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டோம். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். சின்னமனூரிலிருந்து ஒரு சீப்பு செவ்வாழை எடுத்துப் போனோம். சவுக்குத் தோப்பு இல்லை. குப்பமும் இல்லை. நீளமாக மதில், பெரிய இரும்பு கேட்.

"ரூம் எடுத்தாத்தான் சார் உள்ள விடுவோம். ரொம்ப அமைதியான பீச். ஒரு ஈ காக்கா இருக்காது" என்றார் காவலாளி.

"இங்கன இருந்தவுக எல்லாம் எங்க போனாக?" என்று இவள் கேட்டாள்.

"யாரும்மா? பேரு சொல்லுங்க, விசாரிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. கட்டி அழுகிறவர்களிடம் யார் பேர் கேட்கிறார்கள்?